தோட்டச் சாலையில் குறுக்கே வரும் விலங்கு: மோதலுக்கு முன்னும் பின்னும் தெரிய வேண்டியவை

2025 மே 11, அன்னையர் தினத்தன்று, மலேசியாவின் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை லாரியை முட்டியபடி அங்கேயே நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. அதற்குப் பிறகு விலங்கு மோதல் என்றாலே யானையும் அடர்காடும் மலைச்சாலையும்தான் பலர் மனத்தில் வருகின்றன. தோட்டப் பட்டணங்களில் ஆபத்து இதைவிடச் சாதாரணமான உருவத்தில் வருகிறது.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கை எடுத்துக்கொள்வோம். பட்டணத்தைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் செம்பனை. கிழக்கே 50ஆம் எண் கூட்டரசு சாலையில் போனால் காஹாங், அதற்கு அப்பால் எண்டாவ்-ரொம்பின் காடு. இந்தச் சாலைகளில் இரவில் குறுக்கே வருவது காட்டுப்பன்றியாக இருக்கலாம், யாரோ அவிழ்த்துவிட்ட மாடாக இருக்கலாம். காஹாங் பக்கம் தாப்பிரும் (பன்றி போன்ற உடலும் குட்டைத் துதிக்கையும் உள்ள பெரிய காட்டு விலங்கு) யானையும் உண்டு. மான் அரிதாகத்தான் கண்ணில் படும். எது வந்தாலும் எழும் கேள்விகள் ஒன்றே: ஏன் நிறுத்த முடியவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும், காப்புறுதி கொடுக்குமா, மாட்டுக்காரர் பொறுப்பேற்பாரா?

எந்த விலங்கு, என்ன சேதம்

சேதத்தை முடிவு செய்வது எடை மட்டுமல்ல. உடல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

1. மாடு. நம் ஊரில் அதிகம் காணும் கெடா-கிளந்தான் இனம் 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். கால் நீளம், உடல் பானெட் உயரத்தில். பம்பர் காலைத்தான் அடிக்கும். முழு உடலும் பானெட் மேல் சரிந்து முன் கண்ணாடிக்கு வரும். சிறிய காரில் முன்னால் இருப்பவர்களின் தலைக்கும் கழுத்துக்கும் அடிபடுவது இதனால்தான்.

2. ரூசா என்னும் கடமான். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தொடும். மாட்டைப் போலவே மேலே சரிந்து வரும், கூடவே கொம்பு.

3. தாப்பிர். 250 முதல் 300 கிலோவுக்கு மேல். முன்பாதி கறுப்பு, நடுவுடல் வெள்ளை, கால் கறுப்பு. விளக்கொளியில் தலையும் காலும் இருட்டோடு கலந்துவிடும். தரைக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும். அது விலங்கு என்று மனம் பிடித்துக்கொள்வதற்குள் நேரம் போய்விடும்.

4. காட்டுப்பன்றி. 50 முதல் 100 கிலோ, சில அதற்கும் மேல். உயரம் குறைவு என்பதால் பம்பர், ரேடியேட்டர், காரின் அடிப்பகுதி என்று கீழேதான் அடி. மானுக்கும் மாட்டுக்கும் கண்ணில் விளக்கொளி பட்டால் பளிச்சென்று மின்னும். பன்றியின் கண்ணில் ஒளியைத் திருப்பும் படலம் கிடையாது. கண் மின்னவில்லை, அதனால் சாலையில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பன்றி கடந்துவிட்டால் பின்னால் கூட்டம் வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. கீஜாங் என்னும் குரைக்கும் மான் 20 முதல் 30 கிலோ, சருகுமான் சுமார் 2 கிலோ. இவை மோதுவதால் காருக்கு ஆகும் சேதம் சொற்பம். இவற்றைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை வெட்டுவதில்தான் உயிர் போகிறது.

செம்பனை ஓரத்தில் ஏன் இத்தனை விலங்கு

பழுத்த குலையிலிருந்து உதிரும் பழங்கள் மரத்தடியில் கிடக்கும். அது பன்றிக்கு விருந்து. வரிசைகளுக்கு நடுவே அடுக்கிய மட்டைக் குவியல் பகலில் படுக்க இடம். செம்பனை சுமார் 25 ஆண்டில் மறுநடவுக்கு வரும். ஒரே சமயத்தில் பெரிய பரப்பு வெட்டிச் சாய்க்கப்படும்போது அங்கிருந்த விலங்குகள் பக்கத்துப் பிரிவுக்கும் ஆற்றோரப் புதருக்கும் நகர்கின்றன. பிறகு இளங்கன்று நட்டதும் குருத்தைத் தின்னப் பன்றியும் யானையும் திரும்புகின்றன. ஆகவே உங்கள் வழியில் மறுநடவு நடக்கிறது என்றால், பல ஆண்டு பழகிய சாலையும் புதிய சாலைதான்.

மாட்டின் கதை வேறு. வெயிலில் காய்ந்த தார் இரவிலும் சூட்டை வைத்திருக்கும். மழை விட்ட பிறகு புல் ஈரமாகவும் சாலை உலர்ந்தும் இருக்கும்போது மாடுகள் சாலையிலேயே படுத்து அசைபோடும். படுத்திருக்கும் கருநிற மாடு தார்ச் சாலையில் ஒரு மேடு போலத்தான் தெரியும். ஓடும் மாட்டைவிட இந்தப் படுத்த மாடு ஆபத்தானது, ஏனென்றால் அசைவு இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். விலங்குகள் அதிகம் நடமாடுவது அந்தி சாய்ந்த இரண்டு மணி நேரத்திலும் விடிவதற்கு முன்பும். நம் நாட்டில் பொழுது விடிவது ஏறக்குறைய காலை 7 மணிக்கு. பெரட்டு என்னும் காலை ஆஜர் கூட்டத்துக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்கள், தொழிற்சாலை பஸ், பள்ளி வேன் எல்லாம் அதற்கு முன்பே, முழு இருட்டில் சாலையில் இருக்கின்றன.

நிறுத்த முடியுமா: கணக்கு

நிற்கும் தூரம் இரண்டு பகுதி. விலங்கைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்கில் படும்வரை கார் அதே வேகத்தில் ஓடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இன்னொன்று. இரவில் முதல் பகுதிக்கு ஒன்றரை வினாடி வைப்பது நியாயம். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால் மொத்தத் தூரம் ஏறக்குறைய இப்படி வரும்:

1. மணிக்கு 60 கிலோமீட்டர்: 25 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 45 மீட்டர்.
2. மணிக்கு 70: 29 + 27, அதாவது 56 மீட்டர்.
3. மணிக்கு 90: 37 + 45, அதாவது 82 மீட்டர்.
4. மணிக்கு 90, மழைச் சாலை: 100 மீட்டருக்கு மேல்.

லோ பீம் விளக்கில் கறுத்த விலங்கு ஒன்று தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டரில்தான். 50 மீட்டரில் ஒரு மாட்டைக் காண்கிறீர்கள் என்று வைப்போம். 60இல் வந்தவர் மாட்டுக்கு முன்னால் நின்றுவிடுவார். 90இல் வந்தவருக்குக் கால் பிரேக்கில் படும்போதே 37 மீட்டர் போய்விட்டது. மீதி 13 மீட்டரில் வேகம் 76க்குத்தான் இறங்கும். அந்த வேகத்திலேயே மோதுவார். நல்ல ஓட்டுநர், நல்ல பிரேக் என்பதெல்லாம் இதை மாற்றாது. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறோம் என்றால், முடிவு விலங்கைக் காணும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

இதனால்தான் எதிரே வண்டி இல்லாத நேரமெல்லாம் ஹை பீம் போடச் சொல்கிறோம். எதிரே வண்டி வந்து லோ பீமுக்கு இறக்கினால் வேகத்தையும் கூடவே இறக்க வேண்டும். பார்வை பாதியாகும்போது வேகம் மட்டும் அப்படியே இருப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. மங்கிப் பழுத்த விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, முன் கண்ணாடியின் உள்பக்க எண்ணெய்ப் படலத்தைத் துடைப்பது, டயர் பள்ளம் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்வரை காத்திராமல் மாற்றுவது: செலவு குறைந்த, பலன் உள்ள வேலைகள் இவை. பம்பரில் ஒட்டும் 'மான் விசில்' இணையத்தில் விற்கிறது. காற்றுப்பட்டு ஒலித்து விலங்கை விரட்டும் என்கிறார்கள். டயர், இன்ஜின் இரைச்சலுக்கு மேல் அது கேட்பதே அரிது. அதை நம்பி வேகம் கூட்டினால் இழப்புதான்.

பிரேக்கா, ஸ்டீயரிங்கா

1. உங்கள் தடத்திலேயே நேராக, முழு பலத்தோடு பிரேக் பிடியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள காரில் மிதி அதிரும், கடகடவென்று சத்தம் வரும். அது வேலை செய்கிறது என்று அர்த்தம். காலை எடுக்காதீர்கள்.
2. ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். தோட்டச் சாலையில் எதிர்த்தடத்தில் லாரி, ஓரத்தில் ஆழமான கால்வாய், அதற்கு அடுத்து செம்பனை மரம். பன்றிக்கு விலகி மரத்தில் மோதுவது பன்றியில் மோதுவதைவிட மிக மோசம்.
3. மாடு, தாப்பிர் போன்ற பெரிய விலங்கு, மோதல் நிச்சயம் என்றால், பிரேக் பிடித்தபடியே உங்கள் தடத்துக்குள் அதன் பின்பக்கம் நோக்கி லேசாகத் திருப்பலாம். நடக்கும் விலங்கு முன்னே போகும், பின்பக்கம் காலியாகும்.
4. தூரத்தில் கண்டுவிட்டால் வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடித்து, பின்னால் வருபவருக்கு அபாய விளக்குப் போட்டுக் காட்டுங்கள்.
5. யானைக்கு மட்டும் நான்காவது விதி பொருந்தாது. ஹார்ன் வேண்டாம், விளக்கை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். தொலைவில் நிறுத்தி, தேவையானால் மெதுவாகப் பின்னுக்குப் போங்கள். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

மோட்டார்சைக்கிளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இந்த நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிளின் விளக்கு காரின் விளக்கைவிட வலுக்குறைவு. 30 கிலோ கீஜாங்கே முன்சக்கரத்தைச் சாய்க்கப் போதும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் 50ஐத் தாண்டாமல், ஓரப் புல்லை ஒட்டாமல் தடத்தின் நடுப்பக்கமாக ஓட்டினால், புதரிலிருந்து வருவதைக் காண இரண்டு மூன்று மீட்டராவது கூடுதலாகக் கிடைக்கும். முன் பிரேக்கைத் திடீரென்று கவ்வாமல் இரு பிரேக்கையும் சேர்த்து, முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். ஹெல்மெட் வார் பூட்டாமல் இருந்தால் விழும் முதல் கணத்திலேயே கழன்றுவிடும்.

மோதிய பிறகு செய்ய வேண்டியவை, வரிசையாக

1. அபாய விளக்கைப் போட்டு, முடிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். வளைவிலோ மேட்டுக்கு அப்பாலோ நின்றுவிட்டால் பயணிகளை இறக்கிச் சாலைக்கு வெளியே, காருக்குப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துங்கள். முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். முதல் மோதலைவிட, நின்ற காரில் இன்னொருவர் வந்து மோதும் இரண்டாவது மோதலில்தான் அதிகம் பேர் சாகக்கூடும்.

2. யாருக்காவது அடிபட்டிருந்தால் 999. காட்டு விலங்கு அடிபட்டுக் கிடந்தாலோ சாலையில் செத்துக் கிடந்தாலோ வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் 1-800-88-5151.

3. விலங்கின் அருகே போகாதீர்கள். செத்ததுபோல் கிடக்கும் பன்றி எழுந்து கொம்புப்பல்லால் கிழிக்கும், மாடு உதைக்கும்.

4. இடம், சறுக்கிய தடம், விலங்கு, காரின் சேதம், பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பம்பரில் ஒட்டிய முடியையும் இரத்தத்தையும் காப்புறுதிச் சேத மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கழுவ வேண்டாம். விலங்கு ஓடிவிட்டால் உங்கள் சொல்லுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

5. காரை ஓட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ நீர் சொட்டினால் கூலண்ட் போகிறது. அப்படியே ஓட்டினால் சில கிலோமீட்டரில் இன்ஜின் கொதித்து சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போகும். 800 ரிங்கிட்டில் முடிய வேண்டிய ரேடியேட்டர் வேலை இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான். கறுப்பு எண்ணெய் சொட்டினால் எண்ணெய்த் தொட்டி உடைந்திருக்கிறது, சாவியையே திருப்ப வேண்டாம். ஒன்றும் சொட்டாவிட்டாலும் ரேடியேட்டர் விசிறி கூண்டில் உரசுகிறதா, பானெட் பூட்டு பிடிக்கிறதா, சக்கரத்தின் உள்பிளாஸ்டிக் டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள். பானெட் பூட்டு வளைந்திருந்தால் ஓடும்போது மேலெழுந்து கண்ணாடியை மறைத்துவிடும்.

6. போலீஸ் புகார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி விபத்தானால் நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் அறிவிக்க வேண்டும். அந்தப் புகார் இல்லாமல் காப்புறுதியும் நகராது.

இறைச்சியைத் தொடாதீர்கள்

செத்த மானையோ பன்றியையோ வண்டியில் ஏற்றிக்கொள்வது தோட்டங்களில் சகஜமாகப் பேசப்படுகிறது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மானும் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அவற்றின் உடலையோ கொம்பையோ வைத்திருப்பது குற்றம். நாம் வேட்டையாடவில்லை, மோதியதுதான் என்ற விளக்கம் குற்றத்தைப் போக்காது. முழுப் பாதுகாப்புப் பெற்ற தாப்பிருக்குத் தண்டனை இன்னும் கடுமை.

பன்றியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் மலேசியாவுக்குள் வந்தது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இறைச்சியிலும் கழுவிய நீரிலும் பரவி ஒரு பண்ணையையே காலி செய்யும்.

காப்புறுதி: எது கிடைக்கும், எது போகும்

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவருக்குத் தம் காரின் சேதத்துக்கு ஒரு சென்னும் கிடைக்காது. தீ, திருட்டு சேர்த்து எடுத்திருந்தாலும் அதே நிலைதான். கொம்பிரிஹென்சிவ் எனப்படும் முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் சொந்தச் சேதமாகக் கோரலாம். விலங்கு மோதலுக்கென்று தனிச் சேர்க்கை வாங்கத் தேவையில்லை. வெள்ளம், மரம் விழுதல் ஆகியவற்றுக்கான சேர்க்கை வேறு, இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொரு வண்டிமீது தவறு இருந்தால் என்சிடி (கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் கிடைக்கும் கழிவு) பாதிக்காமல் கோரும் வழி உண்டு. விலங்கு மோதலில் எதிர்த்தரப்பு வண்டியே இல்லாததால் அந்த வழி மூடப்படுகிறது. என்சிடி பூஜ்யத்துக்கு இறங்கும்.

அது எவ்வளவு இழப்பு? அடிப்படைச் சந்தா 1,500 ரிங்கிட், இப்போது 55 விழுக்காடு என்சிடி என்று கொள்வோம். செலுத்துவது 675. கோரிய பின் கழிவு 0, 25, 30, 38.33, 45 விழுக்காடு என்று ஏறி, பிறகுதான் 55க்குத் திரும்பும். இந்த ஐந்து புதுப்பித்தல்களில் கூடுதலாகக் கட்டுவது 825, 450, 375, 250, 150. கூட்டினால் 2,050 ரிங்கிட், சேவை வரி தனி. ஆகவே பட்டறை 1,500 ரிங்கிட் என்று சொன்னால் கையிலிருந்து கட்டுவதே இலாபம். 6,000 என்றால் தயங்காமல் கோரலாம். முடிவெடுக்கும் முன் முகவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஓட்டியவர் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டால் வழக்கமாகப் பிடிக்கும் 400 ரிங்கிட் உண்டா, பழைய காருக்குப் புதிய பாகம் போட்டால் எத்தனை விழுக்காடு உங்கள் பங்கு, கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் கண்ணாடிச் சேர்க்கையில் கோரலாமா. கடைசியாகச் சொன்ன கோரிக்கை என்சிடியைத் தொடாது.

மாடு வளர்ப்பவரின் பொறுப்பு

காட்டு விலங்குக்கு உரிமையாளர் இல்லை, மாட்டுக்கு உண்டு. கட்டாமல் விட்ட மாடு சாலையில் விபத்துக்குக் காரணமானால், கவனக்குறைவு என்று சிவில் வழக்குத் தொடரலாம். அதற்கு 6 ஆண்டு அவகாசம். தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவு விலங்கைக் கவனமின்றி விடுவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. நடைமுறையில் சிக்குவது ஒரே இடத்தில்: அந்த மாடு யாருடையது என்று நிரூபிப்பது. விபத்து நடந்த மறுகணம் காது அட்டையும் உரிமையாளர் பேரும் மறைந்துவிடுவது பலருக்குத் தெரிந்த கதை. காது அட்டை எண், நிறம், கொம்பு வடிவம் தெரிய உடனே படம் எடுத்துப் புகாரில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாடு வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இதை அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் மாடு வெறும் வருமானம் அல்ல, வீட்டு உறுப்பினர். பொங்கலன்று பொட்டு வைக்கும் அதே மாடு இரவில் தார்ச் சாலையில் படுக்கக் கூடாது. மாலை 6 மணிக்குள் பட்டியில் அடைப்பது முதல் வேலை. செம்பனைக்குள் மேய விட்டால் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலி சாலைப் பக்கம் மட்டுமாவது வேண்டும், அதன் கம்பியைப் புல் தொட்டால் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும் என்பதால் அடிப்புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியைத் திருப்பும் கழுத்துப்பட்டை சில ரிங்கிட்தான். அது தப்பிய மாட்டையும் எதிரே வரும் மனிதரையும் சேர்த்துக் காக்கும்.

சாலையில் என்ன செய்ய முடியும்

மஞ்சள் பலகையில் வரைந்த தாப்பிரும் யானையும் மாடும் முதல் மாதம் கண்ணில் படும். பிறகு பழகிவிடும். உண்மையில் பலன் தருவது, ஓரமாக வேலி போட்டு விலங்கை ஒரு கடவை நோக்கித் திருப்புவது. வேலி இல்லாத கடவையும் கடவை இல்லாத வேலியும் பாதி வேலைதான். பகாங்கில் சுங்கை யூ பகுதியில் சாலையைத் தூண்மேல் உயர்த்தி விலங்குகள் அடியில் நடந்து போக வழிவிட்டிருக்கிறார்கள். அந்தச் செலவு எல்லா ஊருக்கும் வராது. ஓரப் புல்லைப் பல மீட்டர் அகலத்துக்கு வெட்டுவது, அடிக்கடி கடக்கும் இடத்தில் விளக்கும் அதிர்வுக் கோடும் போடுவது நகராண்மைக் கழகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் எட்டக்கூடியவை.

அதற்கான மனுவில் 'இங்கே விலங்கு அதிகம்' என்று எழுதினால் கோப்பில் போய்விடும். சாலை எண், கிலோமீட்டர் கல், தேதி, மணி, எந்த விலங்கு, போலீஸ் புகார் எண், படம் என்று ஒவ்வொரு மோதலையும் ஒரு வரியாகப் பட்டியலிடுங்கள். ஒரே கிலோமீட்டரில் வரிகள் குவிந்தால், எங்கே வெட்ட வேண்டும், எங்கே விளக்கு வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே பொறியாளருக்குச் சொல்லிவிடும்.